கடுகடு மேனேஜரும் ஆறு ஸ்டூல்களும்

மாமியார் கொடுமையைப் பற்றி நாம் பேசாத பேச்சில்லை. ஆனால் மேனேஜர் கொடுமையைப் பற்றி வீட்டில் இருக்கிற பெண்கள் அதிகம் பேசுவதில்லை. "அது ஆபீஸ் விஷயம், நமக்கென்ன தெரியும்?" என்று விட்டுவிடுகிறோம். நன்றாக யோசித்துப் பாருங்கள், சகோதரிகளே. இன்றைக்கு எந்த வீட்டில் வேலைக்குப் போகிற பெண் ஒருத்தி இல்லை? மகளோ, மருமகளோ, தங்கையோ, நாத்தனாரோ யாரோ ஒருத்தி காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போகிறாள். ராத்திரி அவள் வாடிய முகத்தோடு வாசற்படி ஏறும்போது எதிரில் நிற்பது நாம்தான். அங்கே மேனேஜர் வீசிய வார்த்தை இங்கே குழந்தையின் முதுகில் அடியாக விழுகிறது. ஆகவே இது நம் அடுப்படி விஷயமும்தான்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். உத்தியோகம் பார்த்ததில்லை. மூலக்கொத்தளத்தில் எங்கள் குடித்தனம். என் கணவரின் தங்கை இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் புடவைப் பிரிவில் ஐந்தாறு வருஷமாக வேலை. அவள் வீட்டுக்காரர் காசிமேட்டில் லாஞ்சுக்குப் போகிறவர். கடலோரத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த இரண்டு மாதமும் அடுப்பு எரிவது என் நாத்தனார் சம்பளத்தில்தான். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறபோது நோட்டு, புஸ்தகம், பீஸ் எல்லாம் அதே சம்பளத்தில்தான். "பிடிக்கவில்லை என்றால் வேலையை விட்டுவிடு" என்று சொல்வது யாருக்கும் சுலபம். இவளுக்கு அது முடியாது.

2023-ல் ஆடித் தள்ளுபடி சமயத்தில் அந்த மாடிக்குப் புது மேனேஜர் ஒருவர் வந்தார். அதுவரை வேலை கஷ்டமாக இருந்தாலும் மனுஷர்கள் நன்றாக இருந்தார்கள். இவர் வந்ததும் சட்டதிட்டம் மாறியது. வாடிக்கையாளர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உட்காரக் கூடாது. பாத்ரூம் போக வேண்டுமென்றால் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அதையும் பத்து பேர் காதில் விழும்படி, "இப்பதானே போயிட்டு வந்தே?" என்று கேட்பார். சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம். பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் சம்பளத்தில் பிடித்தம். புடவையை மடிப்பது சரியில்லை என்றால் வாடிக்கையாளர் முன்னாலேயே, "மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்பார்.

ராத்திரி பத்து மணிக்கு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, நேராக என் வீட்டுக்கு வருவாள். "இன்னா அண்ணி பண்றது? அந்தாளு மூஞ்சிய நெனச்சாலே வயித்தக் கலக்குது" என்பாள். கால் இரண்டும் கணுக்காலுக்கு மேல் வீங்கியிருக்கும். பாத்ரூம் போகிற பயத்தில் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே டாக்டரம்மா எங்களுக்குப் புரிகிற மாதிரி விளக்கினார்கள். காலுக்கு இறங்கிய ரத்தம் மறுபடி மேலே இதயத்துக்கு ஏற வேண்டும். ஏற்றிவிடுவது கெண்டைக்கால் சதைதான். நம் தெரு அடிபம்பு மாதிரி. கைப்பிடியை ஆட்டினால்தானே தண்ணீர் மேலே வரும்? நடக்கும்போது கெண்டைக்கால் சதை இறுகி இறுகித் தளர்ந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் பம்பு நின்றுபோகிறது. ரத்தம் காலிலேயே தேங்குகிறது. ரத்தக்குழாய்க்குள் ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கச் சின்னச் சின்ன கதவுகள் உண்டாம். வருஷக்கணக்கில் நின்றால் சிலருக்கு அந்தக் கதவுகள் தளர்ந்து, நரம்பு மாதிரி நீலமாகப் புடைத்துச் சுருண்டுகொள்கிறது. அதைத்தான் வெரிகோஸ் வெயின் என்கிறார்கள். நீர்க்கடுப்புக்கும் காரணம் சொன்னார்கள். பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் நீளம் குறைவு. கிருமி சுலபமாக உள்ளே ஏறிவிடும். தண்ணீர் குடிக்காமல், வந்த சிறுநீரையும் அடக்கினால் அந்தக் கிருமிக்கு நாமே இடம் கொடுத்த மாதிரி.

மேனேஜருடைய கோபம் மனசைத்தான் சுடும் என்று நாம் நினைக்கிறோம். உடம்பில் எங்கெல்லாம் போய் இறங்குகிறது, பார்த்தீர்களா?

முதலில் செய்தது, ஒரு ரூல்டு நோட்டு வாங்கி அவளிடம் கொடுத்தேன். "தினம் என்ன நடந்ததோ அதை எழுது. தேதி, மணி, அவர் சொன்ன வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார்கள், அவ்வளவுதான். உன் அழுகையை எழுதாதே" என்றேன். அவளுக்குச் சோம்பல். அவள் சொல்லச் சொல்ல என் மகன் எழுதினான். ஒரு மாதம் கழித்து அதைப் படித்துப் பார்த்தபோது எங்களுக்கே ஒரு தெளிவு வந்தது. அவர் திட்டியது எல்லாம் ஒரே ரகம் இல்லை.

சிலது வேலையைப் பற்றியது. விலைச் சீட்டு மாறிப்போனது, பட்டும் சிந்தெடிக்கும் கலந்து அடுக்கியது என்பவை. குரல் கடுமையாக இருந்தாலும் விஷயம் நியாயம். அதற்கு மறுபேச்சுப் பேசாமல், "சரி சார், இனிமே பாத்துக்கறேன். எப்படி அடுக்கணும்னு ஒரு தடவை காட்டிடுங்க" என்று சொல்லப் பழகினாள். கேட்டுச் செய்கிறவளிடம் கத்துவதற்கு யாருக்கும் அதிக விஷயம் இருக்காது. அந்தப் பேச்சு பாதியாகக் குறைந்தது.

சிலது ஆளைப் பற்றியது. மாடு, எருமை, "உங்க ஏரியா புத்தி" என்கிற மாதிரி வார்த்தைகள். இதற்கு அந்த இடத்திலேயே பதில் சொன்னால் சண்டையாகிவிடும். சும்மா இருந்தாலோ பழகிப்போகும். மறுநாள் காலையில் கூட்டம் சேருவதற்கு முன்னால், கூட வேலை செய்கிற ஒரு பெண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மெதுவாகப் பேசச் சொன்னேன். வீட்டில் நானே மேனேஜராக நின்று இரண்டு தடவை ஒத்திகை பார்த்தோம். என் மகனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவள் போய்ச் சொன்னது இதுதான்: "சார், நான் தப்பு பண்ணா சொல்லுங்க, திருத்திக்கிறேன். கஸ்டமர் முன்னாடி அந்த மாதிரி வார்த்தை மட்டும் வேணாம் சார்." அவர் பதில் எதுவும் சொல்லவில்லையாம். முறைத்துவிட்டுப் போனாராம். ஆனால் அவளிடம் அந்த வார்த்தை அதற்குப் பிறகு வரவில்லை. மற்றப் பெண்களிடம் வந்தது.

மூன்றாவது ரகம்தான் பெரியது. உட்காரக் கூடாது, பாத்ரூம் போகக் கூடாது, சாப்பிட நேரமில்லை என்பவை. இது ஒருத்தியின் சாமர்த்தியத்தால் தீருகிற விஷயம் இல்லை. எவ்வளவு பணிவாகப் பேசினாலும் கால் வீங்காமல் இருக்குமா?

இந்த வழக்கு நம் வட சென்னைக்குப் புதிதும் அல்ல. எங்கள் பேட்டையிலிருந்து பேசின் பிரிட்ஜைத் தாண்டினால் புளியந்தோப்பு, பெரம்பூர். அங்கே பக்கிங்ஹாம் மில், கர்நாட்டிக் மில் என்று இரண்டு பெரிய பஞ்சாலைகள் 1996-ல் மூடும்வரை இருந்தன. அந்த மில் தொழிலாளிகளை வைத்துத்தான் 1918 ஏப்ரல் 27-ம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று அதைத்தான் பலரும் சொல்கிறார்கள். பி.பி. வாடியா தலைவராக இருந்தார். திரு.வி.க. கூட நின்று உழைத்தார். அந்தத் தொழிலாளிகளின் முக்கியமான குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? மத்தியானச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பதுதான். நூறு வருஷத்துக்கு முந்தைய மில்காரரும், இன்றைக்கு எம்.சி. ரோட்டில் நிற்கிற என் நாத்தனாரும் கேட்பது ஒரே விஷயம்தான். அன்றைக்கு அவர்கள் தனித்தனியாகப் போய்க் கேட்கவில்லை. சேர்ந்து கேட்டார்கள்.

கேரளத்துப் பெண்களும் அப்படித்தான் செய்தார்கள். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று பெரிய கடைத்தெரு. அங்கே கடைகளில் நிற்கிற பெண்களுக்குக் கழிப்பறைகூட இல்லாமல் இருந்தது. தையல் வேலை செய்த விஜி என்ற பெண்மணி முன்னால் நின்று, 'பெண்கூட்டு' என்ற பெயரில் அவர்களை ஒன்று சேர்த்தார். முதலில் கழிப்பறை கேட்டார்கள், பிறகு உட்கார இடம் கேட்டார்கள். வருஷக்கணக்கில் கேட்டார்கள். 2018-ல் கேரள அரசு கடைச் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி கொடுக்க வேண்டும் என்று ஆக்கியது.

நம் தமிழ்நாட்டிலும் அந்தச் சட்டம் வந்துவிட்டது. 2021 செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சராக இருந்த சி.வி. கணேசன் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். 1947-ம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. எல்லா ஊழியருக்கும் தக்க இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்பதே அதன் சாரம். அதே பழைய சட்டத்தில் நாலு மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேரம் ஓய்வு விட வேண்டும் என்றும் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத நோட்டீசோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்கக் கூடாது என்றும் இருக்கிறது. எங்கள் தெருவில் ஐகோர்ட்டு வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருக்கிற பெரியவர் இதையெல்லாம் எனக்கு ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்.

அதை வைத்துக்கொண்டு அந்த மாடியில் இருக்கிற பெண்கள் ஒரு கடிதம் எழுதினார்கள். தீபாவளி வியாபாரத்தின் நடுவில் கொடுக்க வேண்டாம், முதலாளிக்குக் காது கொடுக்க நேரமிருக்காது என்று சொன்னேன். 2024 பொங்கல் கழிந்து கூட்டம் அடங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை கொடுத்தார்கள். பதினோரு பேரில் ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். நாலு பேர் பயந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்லக் கூடாது. அவரவர் வீட்டு நிலைமை அவரவருக்குத்தான் தெரியும். கடிதத்தில் மேனேஜரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஸ்டூல் வேண்டும், பாத்ரூம் போக அனுமதி கேட்கிற வழக்கம் வேண்டாம், சாப்பாட்டு நேரம் சட்டப்படி வேண்டும் என்ற மூன்று மட்டும் இருந்தது. கடைசியில், "காலுக்கு ஓய்வு இருந்தால் எங்களால் இன்னும் நன்றாக வியாபாரம் செய்ய முடியும்" என்று ஒரு வரி. அது உண்மையும்கூட.

என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எல்லாம் நடந்துவிடவில்லை. ஒரு வாரம் சத்தமே இல்லை. பிறகு ஆறு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. பாத்ரூமுக்குக் கேட்டுப் போகிற வழக்கம் நின்றது. சாப்பாட்டு நேரம் இருபதிலிருந்து நாற்பது நிமிஷமானது. சட்டம் சொல்கிற ஒரு மணி நேரம் இன்னும் வரவில்லை. கையெழுத்துப் போட்டவர்களில் வயதில் சின்னவளைக் கீழே குடோனுக்கு மாற்றினார்கள். அதுதான் எங்களுக்கு மனசு ஆறவில்லை. அடுத்த நாளே மற்ற ஆறு பேரும் சேர்ந்து போய், "அவளும் எங்களோடதான் சார் கையெழுத்துப் போட்டா" என்று சொன்னார்கள். இரண்டு மாதம் கழித்து அவளை மாடிக்குத் திரும்ப அனுப்பினார்கள். மேனேஜர் அதே மேனேஜர்தான். சிரித்த முகம் கிடையாது. ஆனால் ஒரு நாள் நாத்தனார் வந்து, "நேத்து கடை சாத்துற நேரத்துல அவரே அந்த ஸ்டூல்ல உக்காந்து கால நீவிக்கினு இருந்தாரு அண்ணி" என்றாள். அவரும் காலையிலிருந்து நிற்கிறவர்தானே. மேலே இருந்து அவரையும் யாரோ விரட்டுகிறார்கள். அதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது. ஆனால் எதிரில் நிற்பது ராட்சசன் இல்லை, ஒரு மனுஷன் என்று தெரிந்தால் பயம் கொஞ்சம் குறைகிறது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கோபக்கார மேனேஜரைப் பொறுமையாகச் சமாளிக்கலாம். கை நீட்டுகிறவர், தொட்டுப் பேசுகிறவர், தனியாக வரச் சொல்கிறவர், அசிங்கமாகப் பேசுகிறவர் வேறு. அவரிடம் பொறுமை காட்டவே கூடாது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளம்பெண் 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டாள். கைதானவர் அதே தொழிற்சாலையின் மேற்பார்வையாளர். அவர் அவளுக்கு முன்பிருந்தே தொல்லை கொடுத்துவந்தார் என்று கூட வேலை செய்தவர்கள் பின்னால் சொன்னார்கள். பெண்கள் நடத்துகிற ஒரு தொழிற்சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று ஒன்று ஏற்பட்டது. அதன்படி தொழிலாளிப் பெண்களிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, தொல்லை நடந்தால் கவனித்துச் சொல்ல ஏற்பாடு செய்தார்கள். ஒரு உயிர் போன பிறகு வந்த ஏற்பாடு.

அந்த மாதிரித் தொல்லைக்கு 2013-ம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும் புகார் விசாரிக்க ஒரு உள் குழு இருக்க வேண்டும். அதற்குத் தலைமை ஒரு பெண்தான். சின்ன இடமாக இருந்தால், அல்லது புகார் முதலாளி மேலேயே என்றால், மாவட்ட அளவில் இருக்கிற உள்ளூர்க் குழுவிடம் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். உடனே உதவி வேண்டுமென்றால் 181 என்ற எண்ணில் கூப்பிடலாம். உங்கள் வீட்டுப் பெண் "அந்த சார் ஒரு மாதிரி" என்று அரைகுறையாகச் சொன்னால், "நீ ஒழுங்கா இரு" என்று வாயை அடைக்காதீர்கள். உட்கார வைத்து முழுவதும் கேளுங்கள்.

உடம்புக்கு நாம் வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. நின்று வேலை செய்கிறவர் மணிக்கு நாலைந்து தடவை குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினால், நான் சொன்ன அடிபம்பு வேலை செய்யும். ஒரு காலைச் சின்னப் பலகை மேல் வைத்து மாற்றி மாற்றி நிற்கலாம். வீட்டுக்கு வந்ததும் படுத்துக்கொண்டு, இரண்டு தலையணை மேல் காலை உயர்த்திப் பதினைந்து நிமிஷம் வைத்தால் வீக்கம் வடியும். தண்ணீர் பாட்டிலை நாமே நிரப்பிக் கொடுத்து, காலியாகத் திரும்பி வருகிறதா என்று பார்க்கலாம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் கைவைத்தியம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இது வேலைக்குப் போகிறவர்களுக்கு அல்ல, என்னைப் போல் வீட்டில் இருக்கிறவர்களுக்கு. ஸ்டூல் கேட்டபோது அந்த மேனேஜர் முதலில் சொன்ன பதில் என்ன தெரியுமா? "நீங்க உக்காந்திருந்தா வர்ற லேடீஸ் மரியாதை இல்லைன்னு நினைப்பாங்க" என்பதுதான். அவர் சொன்ன அந்த லேடீஸ் வேறு யாரும் இல்லை, நாம்தான். கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் எம்.சி. ரோட்டிலும் தி.நகரிலும் ஏறி இறங்குகிற நாம்தான். நம்மைக் காரணம் காட்டித்தான் அந்தப் பெண்களை நிற்க வைக்கிறார்கள்.

அடுத்த தடவை புடவை எடுக்கப் போகும்போது, அந்தப் பெண் உட்கார்ந்திருந்தால் முகம் சுளிக்காதீர்கள். பத்துப் புடவையைப் பிரித்துப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தால், "நீ செத்த உக்காரும்மா, நான் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். மேனேஜர் காதில் விழும்படி கொஞ்சம் உரக்கவே சொல்லுங்கள்.